ருசி திரும்பிய வீடுகள்

அப்பா சமைக்கும்போது ஒருநாளும் வாயில் வைத்துப் பார்த்ததில்லை. வடக்கே, நாட்டின் தலைநகரில், முனிர்காவில் மாடியில் இருந்த ஒரு தமிழ் மெஸ்ஸில் அவர்தான் சமையல். எத்தனை பேருக்குச் சமைத்தாலும் முதல் கரண்டி சாமி படத்துக்கு முன்னால் போக வேண்டும். அதற்கு முன் யார் நாக்கிலாவது பட்டால் அது எச்சில் என்பார். அப்படியானால் உப்பு எப்படித் தெரியும் என்று கேட்பவர்களிடம் மூக்கைத் தொட்டுக் காட்டுவார். கொதிக்கிற குழம்பின் மேல் குனிந்து ஒரு இழுப்பு இழுப்பார். "இன்னும் ஒரு கை" என்பார். போடுவார். அதோடு சரி, குழம்பு இறங்கிவிடும். சாப்பிட வரும் பையன்கள், "அண்ணனோட மூக்கை இன்ஷூர் பண்ணணும்டா" என்று கேலி செய்வார்கள். "இது சாமி குடுத்தது தம்பி, என் சமத்து இல்ல" என்று அப்பா சிரிப்பார்.

நானும் அப்படித்தான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். கொடுத்ததை ஏன் எடுத்துக்கொண்டார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது.

நான் அதிகம் படித்தவள் இல்லை. பள்ளிக்கூடம் முழுக்க இந்தியில். தமிழ் எழுத்து, அம்மா சுலோகப் புத்தகத்தை வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தது. போன வருடம் கல்யாணமாகி எனக்கென்று ஒரு அடுப்பு வந்தபிறகுதான் அந்த நாட்களை யோசித்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

முதல் ஊரடங்கில் மெஸ் மூடிவிட்டது. பையன்கள் ஊருக்குப் போனார்கள், முதலாளியும் போனார். திறந்ததும் கூப்பிடுகிறேன் என்றார். கூப்பிடவில்லை. ஒற்றை அறை வீட்டில் அப்பாவும் அம்மாவும் நானும். நூறு பேருக்குச் சமைத்த கைக்கு மூன்று பேருக்குச் சமைக்க வரவில்லை. ரசம் வைத்தால் வாளி நிறைய வைப்பார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அதைக் கட்டடம் முழுக்கக் கொடுத்துவிட்டு வருவாள்.

அப்போது ஊரே எதையாவது காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தது. சீந்தில் கொடியைக் கொதிக்க வைத்துக் குடித்தார்கள், இஞ்சியைத் தட்டிப்போட்டுக் குடித்தார்கள், பாலில் மஞ்சளைக் கரைத்தார்கள். எங்கள் வீட்டுக்கார ஆன்ட்டி எங்கள் ரசத்தை அதுவரை கிட்டத்தில் சேர்த்ததில்லை. அவரே பெரிய ஸ்டீல் கிளாஸோடு வாசலில் வந்து நின்று, "பையா, மிளகு இன்னும் கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார். தினமும் சாயங்காலம் கடைச் சமோசா இல்லாமல் இருக்க மாட்டார்கள் அந்த வீட்டில். இப்போது கடைச் சாமான் என்றாலே பயம். வீட்டில் குளித்து, சாமி கும்பிட்டுச் சமைத்தது என்றால்தான் எல்லோருக்கும் தொண்டையில் இறங்கியது. அப்படித்தான் அப்பாவின் டிபன் வியாபாரம் தொடங்கியது. முனிர்காவில் தனி அறைகளில் மாட்டிக்கொண்ட நம்மூர்ப் பிள்ளைகள், சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் சில தமிழ்க் குடும்பங்கள். அப்பாவே சைக்கிளில் போய்ப் பையைக் கதவில் மாட்டி, மணியை அழுத்திவிட்டு இறங்கிவிடுவார். ஒருவர் முகமும் தெரியாது. ஆனால் அந்த அடுப்புதான் எங்களுக்கு வாடகை, அரிசி, எல்லாம்.

அடுத்த வருடக் கோடையில் எங்கள் வீட்டுக்கும் அந்த நோய் வந்தது. மூன்று பேரும் வரிசையாகப் படுத்தோம். ராவும் பகலும் ஆம்புலன்ஸ் சத்தம். அம்மா படுத்தபடியே சுலோகம் முணுமுணுப்பாள், இருமலில் பாதியில் நின்றுபோகும். முருகன் புண்ணியத்தில் மூவரும் எழுந்தோம். சோதனையில் இல்லை என்று வந்ததும் அப்பா குளித்து அடுப்பைப் பற்றவைத்தார். ஏனென்றால் போன் நிற்கவே இல்லை. வீடு வீடாகப் படுக்கை. அடுப்படிக்கு எழுந்துபோக ஆளில்லாத வீடுகள்.

போன் என்னிடம்தான் இருக்கும். என் ஆன்லைன் வகுப்பும் அதில்தான், அப்பாவின் வியாபாரமும் அதில்தான். "பாப்பா, அஞ்சு பேருக்கு ரசம் சாதம். எதுவா இருந்தாலும் சரி, சூடா இருந்தாப் போதும்" என்பார் சரோஜினி நகர் அக்கா ஒருவர். அவர் வீட்டில் மாமனார், மாமியார், பிள்ளை, எல்லோரும் படுக்கை. அவர்களுக்காகத் தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்வேன். யாரும் சாப்பாட்டைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. வயிற்றில் இறங்கிச்சும்மா, நல்லா இருப்பீங்க என்பார்கள்.

வீட்டில் எனக்குத்தான் இறங்கவில்லை. முதல் நாள் சாம்பாரை வாயில் வைத்ததுமே குமட்டியது. உப்பா கசப்பா என்று சொல்ல முடியாத ஒன்று. மறுநாள் ரசத்தில் உப்பே இல்லை, வெந்நீர் மாதிரி இருந்தது. ஒருநாள் பருப்பு அடிப்பிடித்துத் தெரு வரைக்கும் நாறியது. அப்பா பக்கத்திலேயே நின்று சாவகாசமாகக் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தார்.

நான் தட்டைத் தள்ளியபோது அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

"என்ன பாப்பா?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லங்க. அவளுக்கு இன்னும் நாக்கு சரியாகல. எல்லாம் கசக்குதாம்."

"எல்லாருக்கும் அப்படித்தான் இருக்குன்றாங்க," என்று அப்பா மெதுவாகச் சொன்னார். தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அம்மா சொன்னதை நான் அப்படியே நம்பினேன். என் நாக்குதான் கெட்டுப்போயிருக்கிறது. தவிர, சாமிக்குக் காட்டிய சாப்பாட்டைக் குறை சொல்வது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். கண்ணை மூடிக்கொண்டு, சாமி பேரைச் சொல்லி விழுங்கினேன். அம்மாவும் ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்துக் குடித்துத்தான் சாப்பிட்டாள். அவளுக்கும் நாக்கு சரியாகவில்லை போல என்று நினைத்தேன்.

ஒருநாள் அப்பா பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கண் மூடியிருந்தது, கோயிலில் நிற்பது மாதிரி. பிறகு காப்பிப்பொடி டப்பா. அதற்குப் பிறகு கற்பூரம். நாங்கள் தினமும் ஆவி பிடிக்கிற மாதிரி இதுவும் ஏதோ வைத்தியம் என்று நினைத்து, "எனக்கும் குடுப்பா" என்றேன். கற்பூரத்தை என் மூக்கில் காட்டிவிட்டு, "தெரியுதா?" என்று கேட்டார். "நல்லாத் தெரியுதே!" என்று தும்மினேன். என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

அதற்குப் பிறகு போன்கள் வேறு மாதிரி வரத் தொடங்கின. நாளையிலிருந்து வேண்டாம் பாப்பா, உடம்பு தேறிவிட்டது. நாங்களே சமைத்துக்கொள்கிறோம், அப்பாவிடம் சொல்லிவிடு. தினம் ஒரு வீடு, சில நாள் இரண்டு வீடு. எனக்கு ஒரே சந்தோஷம். என் வேண்டுதல் ஒவ்வொன்றாகப் பலித்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய், "அப்பா, இன்னொரு வீடு தேறிடுச்சு!" என்று கத்துவேன். அப்பா "நல்லது, நல்லது" என்பார். அம்மா மட்டும், "மெதுவாச் சொன்னா ஆகாதாடி?" என்று எரிந்து விழுவாள். வருமானம் குறைகிறதே என்று கோபம் என நினைத்தேன். அடுத்தவர் பிழைத்ததற்குக் கோபப்படுவது பாவம் இல்லையா என்று அவளுக்காகவும் சேர்த்து வேண்டிக்கொண்டேன்.

கடைசியில் சரோஜினி நகர் அக்கா கூப்பிட்டார். அவர் நல்லவர். தயங்கித் தயங்கித்தான் பேசினார். "பாப்பா, தப்பா எடுத்துக்காதே. இன்னிக்குத்தாம்மா எங்களுக்கு நாக்குல ருசி தெரிய ஆரம்பிச்சிருக்கு. நாளையிலேர்ந்து அனுப்ப வேணாம்னு அப்பாகிட்ட பக்குவமாச் சொல்லிடு."

பக்குவமாகச் சொல்ல என்ன இருக்கிறது? ஐந்து பேர் எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நான் ஓடினேன்.

"அப்பா! அக்கா வீட்ல எல்லாருக்கும் ருசி திரும்பிடுச்சாம்! அதனால இனிமே நம்ம சாப்பாடு வேணாமாம்!"

அப்பா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கை நின்றது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீரை வீணாக்காத மனிதர். அம்மா வந்துதான் குழாயை மூடினாள்.

மறுநாள் நாலைந்து வீடுகளுக்கு மட்டும் சமையல். அப்பா குளித்து, நெற்றியில் விபூதி பூசி, சாம்பாரைக் கொதிக்கவிட்டார். குனிந்து ஒரு இழுப்பு இழுத்தார். மறுபடியும் இழுத்தார். பிறகு கரண்டியில் மொண்டு உள்ளங்கையில் ஊற்றி நக்கினார்.

சாமிக்கு இன்னும் காட்டவில்லை. அப்பா கையை அலம்பிவிட்டு வந்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கலக்கி, மறுபடி நக்கினார். அவர் முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. சுவரைப் பார்த்தபடி நின்றார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

கரண்டியில் கொஞ்சம் எடுத்து, ஊதி ஆற்றி, என் பக்கம் நீட்டினார். "பாப்பா, நீ கொஞ்சம் பாத்துச் சொல்லேன். உப்பு இருக்கா?"

அப்பா யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்தக் குரலையும் அதுவரை கேட்டதில்லை.

நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். "சாமிக்குக் காட்டலையேப்பா. எச்சிலாயிடும்."

அம்மா அரிவாள்மனையை அப்படியே விட்டு எழுந்து வந்தாள். "இப்படிக் குடுங்க, நான் பாக்கறேன்" என்று கையை நீட்டினாள். அப்பா கொடுக்கவில்லை.

"வேணாம். புள்ள சொல்றதுதான் சரி" என்றார். கரண்டியைப் பாத்திரத்தின் மேல் குறுக்காக வைத்து, அடுப்பை அணைத்தார்.

அந்தச் சாம்பார் எந்த வீட்டுக்கும் போகவில்லை. கொஞ்ச நாளில் அப்பா ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் காவல் வேலைக்குச் சேர்ந்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறார். அதற்குப் பிறகு வீட்டில் அம்மாதான் சமையல். என்ன போட்டாலும் "நல்லா இருக்கு" என்று சொல்லிச் சாப்பிடுகிறார்.

அன்றைக்கு இதெல்லாம் எனக்கு என்ன தெரியும்? அப்பாவே ஒரு நிமிடம் மறந்துவிட்டார், நான் மறக்கவில்லை என்பதுதான் தெரிந்தது. நேராகச் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றேன். அப்பாவை ஒரு பாவத்திலிருந்து தடுத்துவிட்டேன் என்று சொன்னேன். மனசுக்குப் பெருமையாக இருந்தது.