சுலஸ்திரி அண்ணியின் மேசை விரிப்புகள்

நேற்றும் மின்சாரம் போய்விட்டது. அலுத்துக்கொண்டே மெழுகுவத்தியை ஏற்றினேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், ரங்கூன் துறைமுகத்தை ஒட்டிய அலோனில் நாங்கள் குடியிருந்த வீடு நினைவுக்கு வந்தது. கூடவே பழைய எரிச்சலும்.

அண்ணன் கப்பலில் வேலை பார்த்தவர். சுரபாயாவில் கல்யாணம் முடித்து, சுலஸ்திரி அண்ணியை ரங்கூனுக்கே அழைத்து வந்துவிட்டார். ஜாவாக்காரரான அண்ணிக்கு 'பாத்திக்' என்ற துணிச்சாய வேலை கைவந்த கலை. துணியில் செம்புப் பேனாவால் உருகிய மெழுகைக் கோலமாய் இழுத்து, சாயத்தில் முக்கி, பிறகு வெந்நீரில் மெழுகைக் கழற்றிவிடுவார். தன்பாட்டுக்குத் தன் துணிகளுக்குக் கோலம் போட்டுக்கொண்டிருந்தவரை அண்ணன் சும்மா விட்டாரா? வெளிநாட்டுப் பயணிகள் வரத் தொடங்கியிருந்த நேரம்.

"இத வச்சே நம்ம தெருவுக்கு வேல குடுக்கலாம்டா" என்றார்.

அவருடைய திட்டங்களை நான் அறிவேன். முந்தைய திட்டம் வாத்து வளர்ப்பு. வாத்துகள் ஆற்றோடு போய்விட்டன.

ஆனால் இந்த முறை தெரு நம்பிவிட்டது. எதிர்வீட்டு மா நியோவும் இன்னும் சில பெண்களும் வந்து எங்கள் அடுப்படியைப் பிடித்துக்கொண்டார்கள். லுங்கிக் கடை வேலை முடிந்து பசியோடு வருவேன்.

"அண்ணி, சோத்துப் பானை எங்கே?"

"சாயத்துக்கு எடுத்துட்டோம் தம்பி."

யோசனை சொல்லவும் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. மயில் போடு என்றார் என் முதலாளி. பகோடா கோபுரம் போடு என்றார் பக்கத்து வீட்டுக்காரர். கடைசியில் ஒரு ஹோட்டல் மேலாளர் வந்தார். அண்ணி உடுத்தியிருந்த, கத்தி கத்தியாய்ச் சாய்ந்து ஓடும் கோலத்தைப் பார்த்து, அதையே மேசை விரிப்பாகக் கேட்டார். அண்ணியைக் கேட்காமலே அண்ணன் தலையாட்டிவிட்டார்.

"முடியாது" என்றார் அண்ணி. "அது எங்க ஊர்ல அரமனைக்காரங்க உடுத்தின கோலம். அதுமேல கொழம்பு கொட்டுவாங்களா?"

"இங்க எந்த அரமனை இருக்கு? யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் அண்ணன்.

"எனக்குத் தெரியுமே."

பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. "உங்கண்ணன்கிட்டச் சொல்லு", "உங்கண்ணிகிட்டச் சொல்லு" என்று நடுவில் நான்தான் தபால்காரன். பெண்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். பொறுமையிழந்த மா நியோதான் கேட்டாள்: "அப்போ எதுமேல கொழம்பு கொட்டலாமோ, அதப் போடுவோமே அக்கா?"

அண்ணி சிரித்துவிட்டார். சன்னல் வழியே துறைமுகத்தை வெகுநேரம் பார்த்தார். கப்பல் கயிறுகள், சம்பான் படகுகள், காக்கைகள் எல்லாம் துணிக்கு வந்தன. இடைவெளி முழுக்க ஜாவாப் பாணியில் பொடிப்பொடிப் புள்ளிகள். மேலாளர் முகம் சுளித்துத்தான் வாங்கிப்போனார். விருந்தாளிகளோ சாப்பிட்ட மேசையிலிருந்தே விரிப்பை விலைக்குக் கேட்டார்களாம். சில வருடங்கள் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு மெழுகு உருகியது. மழைக்காலத்தில் துணி காயாமல் நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

ஹோட்டல் கைமாறியது. புதியவர்கள் பிளாஸ்டிக் விரிப்பு போதும் என்றார்கள். அண்ணன் மறுபடி கப்பலேறினார்; அண்ணி சுரபாயாவுக்கே திரும்பிவிட்டார். தெருவை இடித்துக் கிடங்கு கட்டினார்கள்.

போன மழைக்காலத்தில் மா நியோவைத் தேடி, ஊருக்கு வடக்கே இருக்கும் இன்சீனுக்குப் போனேன். அண்ணி தன் செம்பு மெழுகுப் பேனாக்களையெல்லாம் அவளிடம்தான் விட்டுப் போயிருந்தார். அவை எங்கே என்று கேட்டேன்.

"எடைக்குப் போட்டுட்டேன்" என்றாள். "கூரை ஒழுகிச்சே."

கத்திவிட்டேன். புதுத் தகரக் கூரையில் மழை சடசடத்தது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.