மைல்கல்லுக்கு ஏற்றிய மாவிளக்கு

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நடுநடுவே பேனாவை நிறுத்தி, "அத்தே, விசயத்துக்கு வாங்க" என்கிறாள். வருகிறேன். ஆனால் அந்த நீல ஸ்கூட்டரைப் பற்றிச் சொல்லாமல் எப்படி வருவது?

அறுபத்தோரு வயதில் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டாள் என் சிநேகிதி. அவள் மகன் வேண்டாம் என்றான், அவள் மருமகள் வேண்டாம் என்றாள், தெருவே வேண்டாம் என்றது. பின்னால் ஏறி உட்கார முதலில் வந்தவள் நான்தான். எங்களுக்குப் பழக்கம் ஏற்பட்டது பிரசவ வார்டில். பக்கத்துப் பக்கத்துக் கட்டில், ஒரே நாள் பிரசவம். நாங்கள் மேற்கே வயல்காட்டு ஆட்கள். அவர்கள் மதுரையில் தறி போட்டவர்கள், வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசுவார்கள். என்னிடம் ஒரு நாளும் அந்தப் பேச்சைப் பேசியதில்லை. தமிழில்தான் திட்டுவாள், தமிழில்தான் அழுவாள்.

அவள் மகளுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து வயிற்றில் பிள்ளை தங்கி, அப்போது எட்டாம் மாதம். கல்லுப்பட்டி தாண்டி இருக்கும் சின்னப் பெருமாள் கோயிலில் மாவிளக்கு போடுவதாக என் சிநேகிதி வேண்டியிருந்தாள். இந்தச் சித்திரையில் ஒரு சனிக்கிழமை காலை ஒத்தக்கடைக்கு வந்து, எங்கள் வீட்டு வாசலில் ஹாரனை அடித்துக்கொண்டே நின்றாள்.

"பஸ்ஸுல போனா கூட்டத்துல மாவு நசுங்கிரும்டி. ஏறு பின்னால!"

என் மடியில் ஒயர் கூடை. அதற்குள் வெல்லமும் பச்சரிசி மாவும் இடித்துப் பிசைந்த உருண்டை, நெய், திரி, தீப்பெட்டி, துளசி, ஒரு பாட்டில் தண்ணீர். ரிங்ரோட்டில் லாரிகள் எங்களை உரசுகிற மாதிரி போயின. எனக்கோ சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, போகிற டிரைவர்களுக்கெல்லாம் கை காட்டினேன்.

திருமங்கலத்தில் நிறுத்தி நான் பருத்திப்பால் குடித்தேன். அவள் டம்ளரைத் தொடவில்லை.

"வெளக்கு போடாம எதுவும் பல்லுல படாது."

"சுகர் மாத்திரை?"

"அத விடுவேனா? விடியக்காலையே போட்டாச்சு. மாத்திரையும் ஒரு மடக்குத் தண்ணியும் வெரதத்துல சேராதுடி."

"நல்ல சட்டம்டி ஒஞ்சட்டம்" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு இன்றைக்கும் என்னையே திட்டிக்கொள்கிறேன். மாத்திரை போட்டால் சாப்பிட வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? என் வீட்டுக்காரரும் அதே மாத்திரை போட்ட மனிதர்தானே?

கல்லுப்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டைத் தாண்டி விலகியது. "ஏடி, எங்க போற?" என்றேன். முதுகைத் தொட்டால் ரவிக்கை பிழிந்து எடுக்கலாம் போல ஈரம். அந்த வெயிலில் வேர்வை சூடாக அல்லவா இருக்க வேண்டும்? கிணற்றுத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. வண்டி மண்ணில் இறங்கி, மெதுவாகச் சாய்ந்து நின்றது. இறக்கி ஒரு வேப்பமரத்தடியில் சாய்த்தேன். கண் திறந்திருந்தது. பார்வை என் மேல் இல்லை.

அப்போதுதான் அவள் பேச ஆரம்பித்தாள், சௌராஷ்டிரத்தில். என் பக்கம் திரும்பி, அவள் அம்மா உயிரோடு இருந்தபோது பேசுவாளே, அந்தக் குரலில். செத்துப்போன தாயிடம் பேசுகிறாளே, போய்விடுவாளோ?

என் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. அவள் போனில் நம்பர் போட்டுப் பூட்டு. "நம்பரச் சொல்லுடி, நம்பரச் சொல்லு!" என்று கத்தினேன். சொன்னாள். அதையும் வீட்டுப் பேச்சில் சொன்னாள். நாற்பது வருஷம் பழகியும் அந்தப் பேச்சில் ஒன்று, இரண்டு எண்ணக்கூட நான் கற்றுக்கொள்ளவில்லை. சுற்றிலும் கரிசல் காடு. கை காட்டியும் ஒரு கார் நிற்கவில்லை. காலையில் நான் டிரைவர்களுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டு வந்தது நினைவுக்கு வந்தது.

என் வீட்டுக்காரருக்கு இப்படி வந்தால் வாயில் சர்க்கரை போடுவோம், எழுந்துவிடுவார். இனிப்பு என்று இருந்தது கூடையில்தான். சாமிக்குப் படைக்காத மாவு. அதை எடுத்து, மகள் வயிற்றில் இருக்கும் எட்டு மாதப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? எடுக்காமல் இவள் போய்விட்டால்? பாட்டில் தண்ணீரில் ஒரு கை மாவைக் கரைத்து உதட்டில் வைத்தேன். பல்லை இறுக்கிக்கொண்டாள். தமிழில் ஒரே ஒரு வார்த்தை வந்தது.

"சாமி..."

சுற்றிப் பார்த்தேன். சாலையோரத்தில் மைல்கல் நின்றது. தலையில் மஞ்சள், உடம்பில் ஏதோ எழுத்து. துளசியை அதன் தலையில் வைத்தேன். மீதி மாவை அதன் முன்னால் வைத்து, மாவின் நடுவில் குழி பறித்து, நெய் ஊற்றித் திரி போட்டேன். முதல் குச்சியைக் காற்று அணைத்தது. இரண்டாவது அழுத்தி உரசியதில் ஒடிந்தது. மூன்றாவதை முந்தானைக்குள் மறைத்துப் பற்றவைத்தேன்.

"வந்துட்டோம்டி! வெளக்கு எரியுது பாரு. வாயத் தொற."

சுடரைப் பார்த்தாள். வாய் திறந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, தொண்டையில் இறங்குகிறதா என்று ஒவ்வொரு வாய்க்கும் பார்த்தேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது. பிறகு தமிழ் வந்தது.

"எந்தக் கோயிலுடி இது? கோபுரத்தையே காணோம்?"

நான் மைல்கல்லைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"அடிப் பாவி! ரோட்டுக் கல்லுக்கா மாவிளக்கு போட்ட?"

அவள் திட்டியது தேனாக இருந்தது. ஆனால் அடுத்து காலிக் கூடையை இழுத்து உள்ளே பார்த்தாள். அவள் முகத்தில் இப்போது வேறு பயம். வயிற்றுப் பிள்ளையை நினைக்கிறாள் என்று தெரிந்தது. ஒரு சரக்கு ஆட்டோக்காரர் தானாகவே வந்து நிறுத்தினார். "என்னா பெரியம்மா, கல்லுக்குப் பூச வச்சிருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே ஸ்கூட்டரைத் தூக்கிப் பின்னால் ஏற்றினார். "ஆஸ்பத்திரிக்கு" என்றேன் நான். "கோயிலுக்கு" என்றாள் அவள். வழியில் இரண்டு பழம் தின்ன வைத்து, போன் பூட்டைத் திறந்து மகனிடம் பேச வைத்த பிறகுதான் கோயிலுக்குச் சம்மதித்தேன்.

பெருமாள் முன்னால் காலிக் கூடையோடு நின்றாள். என்ன சொல்வாளோ என்று நான் அவள் வாயையே பார்த்தேன்.

"ரோட்டுக்கே வந்து வாங்கிக்கிட்டீரு. இனி மாவிளக்கு எங்கன்னு என்னயக் கேக்கக் கூடாது. இந்தா நிக்கிறா சாட்சி."

அவள் மகன் காரில் வந்து எங்களை ஏற்றிக்கொண்டான். திரும்பும் வழியெல்லாம் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தேன். சூடாகத்தான் இருந்தது. இருந்தாலும் அழுத்தி அழுத்திப் பார்த்தேன்.

"கைய விடுடி, வளையல் குத்துது."

ஒத்தக்கடை வரும் வரைக்கும் நான் விடவில்லை.