தொண்ணூற்று மூன்று மட்டும்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு தை மாதக் காலை. ராசிபுரம் பக்கம் ஒரு கரட்டுக் குன்றின் மேல் இருக்கும் எங்கள் முருகன் கோயிலில் மகளுக்குக் காது குத்து. அவளுக்குப் பதினோராம் மாதம் முடிய இரண்டே நாள் இருந்தது. எங்கள் வீட்டில் ஒற்றைப்படை மாதத்தில்தான் குத்துவார்கள். அது தவறினால் மூன்றாம் வயது வரை பொறுக்க வேண்டும். பத்தரை வரைதான் நல்ல நேரம். தாய்மாமனான என் அண்ணன், ஆசாரியை அழைத்துக்கொண்டு முன்பே மேலே போய்விட்டார்.

என் கணவர் போர்வெல் ரிக் வைத்துத் தொழில் செய்கிறார். அந்தச் சமயத்தில்தான் அவர் ஒரு கார் வாங்கியிருந்தார். டெல்லியில் ஏதோ தூதரகத்தில் ஓடிய வெளிநாட்டுக் கார், ஏலத்தில் போய்க் கைமாறி எங்களிடம் வந்தது. பின்பக்கம் 'டர்போ' என்று வெள்ளி எழுத்து. அதைப் பார்க்கவே தினமும் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். என் அத்தை, அதாவது மாமியார், வெள்ளிக்கிழமைதோறும் அந்த எழுத்துக்கும் ஒரு பொட்டு வைத்துவிடுவார்.

காரோடு ஆங்கிலத்தில் ஒரு கையேடு வந்தது. மகள் தூங்கும் மதியங்களில் நான் அதை வரி விடாமல் படித்தேன். எதையும் ஒருமுறைக்கு இருமுறை பார்க்காவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. பால் புட்டியைக் கொதிக்க வைத்துவிட்டு, வைத்தோமா என்று மறுபடியும் வைக்கிறவள் நான். அந்தப் புத்தகத்தில் பெட்ரோல் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தது. உயர்ந்த ஆக்டேன் பெட்ரோல்தான் போட வேண்டும், குறைந்ததைப் போட்டால் இன்ஜினுக்குள் தட்டும் சத்தம் வரும், அப்படியே ஓட்டினால் பிஸ்டன் பழுதாகும் என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். கல்லூரியில் வேதியியலில் இதே பாடத்தைப் படித்துப் பரீட்சை எழுதியவள்தான். நம் பக்கத்து பங்க்குகளில் கிடைப்பது எண்பத்தேழு ஆக்டேன். சேலத்தில் ஓரிரண்டு பங்க்கில் தொண்ணூற்று மூன்று உண்டு.

இதை நான் கணவரிடம் சொன்ன விதம்தான் தப்பு.

"ஏனுங்க, இந்த வண்டிக்கு வேற பெட்ரோல் போடணுமோ என்னமோ?"

அவர் சிரித்தார். "நம்ம ரிக்கு கம்ப்ரஸர் இன்ஜின்லயுந்தான் டர்போ இருக்குது. அதுக்குன்னு தனி டீசலா வாங்கறோம்?"

"இல்லீங்க, சும்மா கேட்டேன்" என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

டீசலும் பெட்ரோலும் எரிகிற விதமே வேறு என்று எனக்குத் தெரியும். ஆனால் பத்து வருடமாக இன்ஜினோடு புழங்குகிறவரிடம், புத்தகத்தில் மட்டும் இன்ஜினைப் பார்த்த நான் என்ன சொல்வது?

காது குத்து அன்று முன் சீட்டில் அத்தை. பின்னால் மடியில் குழந்தையோடு நான், பக்கத்தில் என் நாத்தனார். பொங்கல் பானை, அரிசி, வெல்லம், விறகு எல்லாம் டிக்கியில். சமதரையில் கார் வழுக்கிக்கொண்டு போயிற்று. கரட்டுப் பாதையில் ஏறத் தொடங்கியதும் அந்தச் சத்தம் வந்தது.

"என்ன சாமி, தகர டப்பாவுல கல்லப் போட்டு ஆட்டறாப்புல இருக்குது?" என்றார் அத்தை.

"இழுக்குதும்மா. சத்தம் இருந்தாத்தான் இழுவை."

ரிக் வேலையில் இருப்பவர்களுக்கு அது உண்மை. அங்கே சத்தம் குறைந்தால்தான் பயப்படுவார்கள். அவர் இன்னும் அழுத்தினார். சத்தம் படபடவென்று கூடியது. நான் எட்டிப் பார்த்தேன். சூட்டைக் காட்டும் முள் மேலே போய்க்கொண்டிருந்தது.

சொல்லி, அது தப்பாகப் போனால்? என் ஒரு வார்த்தையால் நேரம் தவறினால் சொந்தக்காரர்கள் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவார்கள். சொல்லாமல் இருந்து, பாதி மலையில் இன்ஜின் போய் வண்டி நின்றுவிட்டால்? ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம், மடியில் குழந்தை.

"வண்டிய நிறுத்துங்க" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் நிறுத்திவிட்டார். பெட்ரோலைப் பற்றி யோசித்து அல்ல, நான் அப்படிப் பேசிய திகைப்பில்.

"இது இழுக்கற சத்தமில்லீங்க, அடி வாங்கற சத்தம். நாம போட்ட பெட்ரோல் இந்த வண்டிக்கு ஆகாது. இன்னும் அழுத்துனா இன்ஜின் போயிரும். பாரத்தக் குறைச்சு, முதல் கியர்ல மெதுவா ஏத்துங்க."

"உனக்கெப்படித் தெரியும்?"

"படிச்சிருக்கேன்."

அவர் பதில் சொல்லும் முன் அத்தை கதவைத் திறந்துவிட்டார். "எறங்குங்க எல்லாரும். மூணு வருசம் காலேசுக்கு அனுப்பி அவங்கப்பன் படிக்க வெச்சிருக்கறாரு. இன்னைக்காச்சும் அது நமக்கு ஆகட்டும்."

பானை, அரிசி, விறகு எல்லாம் இறங்கின. நாத்தனார் விறகைத் தோளில் வைத்துக்கொண்டு, "டர்போ கார்ல போறேன்னு பட்டுச்சேல கட்டுனனே, எனக்கு வேணும்" என்றார். காலி வண்டியை என் கணவர் காலைப் பூவாக வைத்து ஏற்றினார். குழந்தையை அத்தை வாங்கிக்கொள்ள, நான் பானையைத் தூக்கிக்கொண்டு, காதைத் தீட்டியபடி பின்னால் நடந்தேன். பத்தடி, இருபதடி. சத்தம் இல்லை. அடுத்த வளைவிலும் இல்லை. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

கார் எங்கள் நடை வேகத்துக்கே போயிற்று. முன்னே கார், பின்னே பானையோடு பட்டுச் சேலைகள். கும்பிட்டுவிட்டு இறங்கி வந்த ஒருவர் நின்று பார்த்தார்.

"ஏனுங்க, காது குத்து காருக்குங்களா?"

"ஆமாங்க, அதுக்குத்தான் முதல்ல. கம்மல் பெருசா வேணுமுங்க!" என்றார் அத்தை, மூச்சிரைப்போடு. சிரித்த சிரிப்பில் நாத்தனார் விறகைக் கீழே போட்டுவிட்டார்.

நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கையில் மேலே சேர்ந்தோம். என் அண்ணன் வாசலுக்கும் படிக்கட்டுக்குமாக நடந்து ஓய்ந்திருந்தார். அவர் மடியில் உட்கார்ந்து மகள் ஊரைக் கூட்டி அழுதாள். அந்த அழுகையைவிட இனிமையாக அன்று எனக்கு எதுவும் கேட்கவில்லை.

மறு வாரம் என் கணவர் சேலத்தில் தொண்ணூற்று மூன்று நிரப்பிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு ஏற்காட்டு மலையில் ஏறிப் பார்த்தார். மூன்று வளைவு வரை இன்ஜினுக்கே காதைக் கொடுத்தபடி ஓட்டினார். பிறகு, "சத்தமே காணம். வண்டி ஓடுதா?" என்றார். அந்தப் புத்தகம் கேட்ட அளவு தொண்ணூற்று மூன்றுக்கும் மேலே. அதனால் அதுவும் போதுமா என்ற கவலை எனக்கு இன்னும் கொஞ்சம் உண்டு. அதை அன்றைக்கே சொல்லிவிட்டேன், கேள்வியாக இல்லாமல். அதிலிருந்து அவர் ஏற்றத்தில் அழுத்துவதில்லை. பெட்ரோல் மூடியின் உட்புறம் அவரே சிவப்புப் பெயிண்டில் 'தொண்ணூற்று மூன்று மட்டும்' என்று எழுதினார். ரிக் ஃபிட்டர் கேட்டபோது, "எங்கூட்டுல சொன்னாங்க" என்றாராம். அதை அத்தைதான் வந்து இரண்டு தடவை சொன்னார்.

போன வாரம் மகள் சிலேட்டில் கணக்குப் போட்டுக் காட்டினாள். ஏழு என்று சரியாகத்தான் எழுதியிருந்தாள். ஆனாலும், "மூணும் நாலும் ஏழுங்களாம்மா?" என்று என் முகத்தைப் பார்த்தாள். யாருடைய பிள்ளை!

"ஏழுன்னு சொல்லு சாமி" என்றேன். அவள் உரக்கச் சொன்னாள். காதில் கம்மல் ஆடியது. பால் புட்டிக் காலம் போய்விட்டது. இரவில் கதவுத் தாழ்ப்பாளை இரண்டு முறை பார்க்கும் பழக்கம் மட்டும் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் தெரிந்த ஒன்றைச் சொல்ல நாக்குத் தயங்கும்போதெல்லாம், அந்தக் கரட்டில் பானையைச் சுமந்துகொண்டு சத்தம் வராத ஒவ்வொரு அடியையும் எண்ணி நடந்தது நினைவுக்கு வருகிறது, சொல்லிவிடுகிறேன்.