பக்கத்து ட்ரெட்மில்

என் சுகத்துக்காக ஜெபித்த சபையாருக்கு முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் எனக்கு இரண்டு வியாதி. ஒன்று உங்களுக்குத் தெரியும். இன்னொன்றை நான் மறைத்துவிட்டேன்.

ஜூலை மாதம், நல்ல மழை. தாராவியில் நான் வேலை பார்க்கும் தோல் பை பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெஷின் மேலேயே சாய்ந்தேன். பைபாஸ் செய்தார்கள். ஐசியுவில் கண் விழித்தபோது பயம் என்னைத் தின்றது. என் மனைவி எஸ்தரை உள்ளே விடவில்லை. “ஆண்டவரே, இந்தப் பயத்தோடு என்னைத் தனியாக விட்டுவிடாதேயும், ஒரு துணையைத் தாரும்” என்று அழுதேன். பிறகு அந்த ஜெபத்தை மறந்தும் போனேன்.

இரண்டு மாதம் கழித்து ரிஹாப் போகச் சொன்னார்கள். ஆபரேஷன் ஆனவர்களுக்கு நெஞ்சில் வயர் ஒட்டி, வாரம் மூன்று நாள் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கப் பழக்குவார்கள். முதல் நாளே பக்கத்து ட்ரெட்மில்லில் நம் சபை தர்மராஜ். வடாலாவில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். எனக்கு ஆபரேஷன் ஆன அதே வாரம்தான் அவருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஜெபக் குறிப்பில் எங்கள் பெயர்களைச் சேர்த்தே வாசிப்பார்கள், அவர் பெயர் முதலில். அதுவே எனக்குக் குத்தியது.

அவர் என்னைவிட வேகமாக நடந்தார். எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது, ஆறிலிருந்து இருபதுக்குள் நம்பர் சொல்லுங்கள் என்று அங்கே உள்ள மராத்திப் பெண் கேட்பாள்; கஷ்டம் கூடினால் நம்பரும் கூட வேண்டும். அவர் பதினொன்று என்பார். எனக்கு மூச்சு வாங்கும், ஆனாலும் பத்து என்பேன். அந்தப் பெண் நம்பி வேகத்தைக் கூட்டுவாள். ஒரு புதன்கிழமை நான் போகவில்லை. அன்று அவரும் நடக்கவில்லை என்று கேள்விப்பட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படிப்பட்ட மனுஷனாக இருந்தேன். அந்தப் பொறாமைதான் நான் மறைத்த இரண்டாவது வியாதி.

பிறகு ஒரு ஞாயிறு அவர் எழுந்து, ஆண்டவர் தனக்குச் சுகம் தந்ததைச் சபையில் சாட்சியாகச் சொன்னார். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். நானும் வாயளவில் சொன்னேன். வயிறு பற்றி எரிந்தது. வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேன். எதற்கு என்று எஸ்தர் கேட்டாள், சுகத்துக்கு என்றேன். உண்மையில் அவரை முந்த வேண்டும் என்றுதான் ஜெபித்தேன். சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு ரிஹாப் போனேன். சாப்பிட்டீர்களா என்று அந்தப் பெண் கேட்டதற்கு ஆமாம் என்று பொய் சொன்னேன்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. வேர்த்துக் கொட்டியது, கண் இருட்டியது. விழுவதற்குள் ஒரு கை என் இடுப்பைச் சுற்றிப் பிடித்தது. தர்மராஜ். தன் மெஷினிலிருந்து இறங்கி, நெஞ்சு வயர்கள் பிய்ந்து தொங்க என்னைத் தாங்கிக்கொண்டிருந்தார். குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தார்கள். அப்போதும் எனக்கு எரிச்சல்தான், இவர் கையாலா பிழைக்க வேண்டும் என்று.

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். “அண்ணாச்சி, நீங்க வராத அன்னைக்கு நான் மெஷின்ல ஏறவே மாட்டேன், பயமா இருக்கு. ஒங்க கால் சத்தம் பக்கத்துல கேட்டாத்தான் நடக்கேன்” என்றார்.

ஐசியு ஜெபம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் கேட்ட துணையை ஆண்டவர் ஆறு வாரமாக என் பக்கத்திலேயே நடக்க வைத்திருந்தார். நானோ தர்மராஜை மனதுக்குள் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தேன். தேம்பி அழுதேன். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார், தையல் போட்ட நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

ரிஹாப் முடிந்துவிட்டது. இப்போது தினமும் காலையில் மாட்டுங்கா பக்கம் சேர்ந்து நடக்கிறோம். இன்றும் அவர்தான் இரண்டு எட்டு முன்னால். இன்றும் லேசாக எரிகிறது, உடனே ஸ்தோத்திரம் சொல்லிவிடுவேன். சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறேன்.

ஜெபத்துக்குப் பதில் வரவில்லை என்று சோர்ந்திருப்பவர்களே, ஆண்டவரை நம்பிக் காத்திருங்கள். யாரைப் பார்த்தால் உங்களுக்கு வயிறு எரிகிறதோ, அவரை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். எனக்காக ஒன்று மட்டும் செய்யுங்கள். ஜெபக் குறிப்பில் தர்மராஜ் பெயரையே முதலில் வாசியுங்கள், அதற்குப் பக்கத்தில் என் பெயரையும்.