பச்சையாகிப் போன பாரி

புஷ்பவள்ளி காரைக்குடியில் பத்தாவது வரைக்கும் போனவள். பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். செடிகொடிகள் தமக்கான உணவைத் தாமே சமைத்துக்கொள்கின்றன. இலைதான் அடுக்களை, வெயில்தான் அடுப்பு, தண்ணீரும் காற்றும்தான் சாமான் என்று அறிவியல் டீச்சர் சொன்னது அவள் மனசில் அப்படியே ஒட்டிக்கொண்டது. மறுநாள் பாடம் விதையைப் பற்றியது. அன்றைக்குப் பார்த்துத்தானா பெண் பார்க்க வர வேண்டும்! வந்தார்கள். அத்தோடு பள்ளிக்கூடம் போச்சு. விட்டுப்போன அந்த ஒரு பாடம் அவளை என்ன பாடு படுத்தியது என்பதைச் சொன்னால் இப்போதும் சிரிப்பாள், கண்ணையும் துடைத்துக்கொள்வாள்.

அறுபத்தாறில் அவளை நேமத்தான்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் கருத்தையாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கருத்தையாவுக்குப் புதுவயல் அரிசி ஆலையில் வேலை. வாரம் ஒரு முறை வருவான். மற்ற நாளெல்லாம் வீட்டில் அவளும் மாமியார் சின்னத்தாயியும்தான். சின்னத்தாயி கொடுமைக்காரியெல்லாம் இல்லை. ஆனால் டவுன் பிள்ளை இந்த மண்ணுக்குச் சரிப்பட்டு வருவாளா என்ற சந்தேகம் அவளுக்கு விடியும்போதே எழுந்துவிடும்.

ஆடியில் அம்மனுக்கு முளைப்பாரி. வீட்டுக்கு ஒரு மண் ஓட்டில் எருவும் வைக்கோலும் பரப்பி, நவதானியத்தைத் தூவி, ஊருக்குப் பொதுவான பாரி வீட்டில் வைப்பார்கள். வெளிச்சமே புகாத அறை. விரதமிருக்கும் அக்கம்மாள் மட்டும் பொழுது சாய்ந்த பிறகு விளக்கில்லாமலே உள்ளே போய்த் தண்ணீர் தெளிப்பாள். இருட்டில் முளைகள் மஞ்சளாய், நெடுநெடுவென்று வளரும். யார் வீட்டுப் பாரி உயரமோ அவர்களுக்குத்தான் அன்றைக்கு மரியாதை.

"இந்தத் தடவை ஒன் கையால வெதமுத்துப் போடு. பாரி நல்லா வந்தா நீ இந்த வீட்டுக்கு ஒத்து வந்தவள்னு அர்த்தம். இல்லாட்டி நான் என்னத்தச் சொல்ல" என்றாள் சின்னத்தாயி.

புஷ்பவள்ளி ஆத்தாளைக் கும்பிட்டுத்தான் விதையைத் தூவினாள். அக்கம்மாளுக்குத் தண்ணீர் சுமந்து பாரி வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோவது அவள் வேலை. ஒருநாள் கதவு இடுக்கில் எட்டிப் பார்த்தவளுக்குப் பகீரென்றது. முளையெல்லாம் சோகை பிடித்து வெளுத்துக் கிடந்தன. வெயில் இல்லாமல் எப்படிச் சமைக்கும்? பாவம், பட்டினி! ஊர்ப் பெண்கள் பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகியவர்கள், யாருக்கும் அது தோன்றவில்லை. இவளுக்குத்தான் பொறுக்கவில்லை. அக்கம்மாள் கிணற்றுப் பக்கம் போன நேரம் பார்த்து உள்ளே நுழைந்து, ஜன்னலை அடைத்திருந்த சாக்கைக் கொஞ்சமாய் விலக்கிவிட்டாள். அவள் ஓட்டின் மேல் ஒரு கீற்று வெயில் விழுந்தது. பிறகு எட்டிப் பார்த்தபோதெல்லாம் பச்சை ஏறிக்கொண்டே வந்தது. பெற்ற பிள்ளைக்குச் சோறூட்டியவள் மாதிரி பூரித்துப்போனாள்.

திருவிழா அன்று அக்கம்மாள் கதவைத் திறந்தாள். எல்லாப் பாரியும் மஞ்சளாய் உயர்ந்து நின்றன. ஒன்று மட்டும் குட்டையாய், பச்சைப்பசேலென்று. பக்கத்து ஓடுகளில் இருந்த முளைகள் அத்தனையும் ஜன்னலைப் பார்த்துத் தலையைச் சாய்த்திருந்தன. காட்டிக்கொடுக்க வேறு ஆள் வேண்டுமா?

"ஆத்தா வீட்டுல எவடி கைய வச்சது?" என்று கத்தினாள் அக்கம்மாள்.

புஷ்பவள்ளிக்குப் பொய் வரவில்லை. "நான்தான். வெயில் இல்லாம அதால சமைச்சுக்க முடியாது. பட்டினியில செத்துப்போயிருமேன்னு..."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "செடி சமைக்குதாம்டி!"

விட்டுப்போன பாடத்தில் இருந்தது இதுதான்: தாய்ச்செடி ஒவ்வொரு விதைக்குள்ளும் கட்டுச்சோறு வைத்தே அனுப்புகிறது. வெளிச்சம் கிடைக்கும்வரை முளை அதைத் தின்றுதான் வளரும். இருட்டில் இருந்தால் வெளிச்சத்தைத் தேடித் தேடியே நெட்டையாகிப் போகும். பெண் பார்க்க வந்த புண்ணியவான்கள் ஒருநாள் பொறுத்து வந்திருக்கக் கூடாதா என்று அவள் சொல்லக் கேட்ட எனக்கு இப்போதும் ஆத்திரமாய் வரும்.

"இத வரிசையில தூக்கக் கூடாது, ஊருக்கு ஆகாது" என்றாள் அக்கம்மாள். இன்றைக்கே காரைக்குடி பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள் என்று புஷ்பவள்ளிக்கு உறுதியாகிவிட்டது.

சின்னத்தாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பாரியைப் பார்த்தாள், மருமகள் முகத்தைப் பார்த்தாள்.

"பட்டினி கெடக்கும்னா நெனச்ச?"

"ஆமா அத்தை."

சின்னத்தாயி முந்தானையைச் சும்மாடாகச் சுருட்டி, அந்தக் குட்டைப் பாரியைத் தன் தலையிலேயே தூக்கி வைத்துக்கொண்டாள். "பசி பொறுக்காத புள்ள வளத்தது. ஆத்தா இத வேணாம்னா சொல்லப் போறா? நடங்கடி" என்றாள். வரிசை அவள் பின்னால் நகர்ந்தது.

பாரியைக் கண்மாயில் கரைத்துவிட்டு ஆளுக்கு ஒரு பிடி முளையை வீட்டுக்குக் கொண்டுவந்து கொல்லையில் ஊன்றுவது வழக்கம். மற்ற வீடுகளில் அந்த மஞ்சள் முளைகள் ஒரே வெயிலில் துவண்டு விழுந்தன. சின்னத்தாயி வீட்டில் அந்தப் பச்சை முளையில் இருந்த தட்டாம்பயறு வேர் பிடித்து வேலியில் ஏறியது. புரட்டாசி மழையில் பூத்துக் காய்த்தது.

முதல் காய் பறித்துக் குழம்பு வைத்த அன்று கருத்தையாவும் வந்திருந்தான். அந்த வீட்டில் எல்லாரும் தின்ற பிறகு சட்டியில் மிஞ்சியதை மருமகள் தின்பதுதான் முறை. சின்னத்தாயியும் அப்படித் தின்றே கிழவியானவள். புஷ்பவள்ளி கரண்டியை எடுக்கப் போனாள். சின்னத்தாயி அதைப் பிடுங்கிக்கொண்டு, மகனுக்குப் போடும் முன்பே மருமகளுக்கு ஒரு தட்டை வைத்து, சுடுசோறு போட்டுக் குழம்பை ஊற்றினாள்.

"நீ இங்குட்டு ஒக்காரு ஆத்தா. ஒனக்குப் பெறகுதான் எங்களுக்கு."

எழுபதுகளில் அவளுக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள், மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ விருந்தில் கையை நனைத்திருக்கிறாள் புஷ்பவள்ளி. ஆனால் அன்றைக்கு அழுதுகொண்டே தின்ற அந்த முதல் கவளத்தின் ருசி மட்டும் வேறெதிலும் வரவில்லை என்பாள்.