இறுக்கிப் போட்ட பூட்ஸ்

என் மகள் பாறை ஏறுகிறவள். நாற்பதை நெருங்குகிறாள், புஞ்சாக் ஆலாமில் ஒரு சோதனைக்கூடத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு சுண்ணாம்புப் பாறைக்குப் போய்விடுவாள். போன வருடம் அவளுடைய கூட்டாளிகள் குளிர் நாட்டுப் பாறை ஒன்றுக்குப் போக ஏற்பாடு செய்து, அவளையும் சேர்த்துக்கொண்டார்கள்.

ஏறும்போது போடுகிற மெல்லிய சப்பாத்து அவளிடம் இருந்தது. இல்லாதது, கீழே நிற்கும்போது போடுகிற கனத்த பூட்ஸ். ஒருத்தர் மேலே ஏறினால் இன்னொருத்தர் அடியில் கயிற்றைப் பிடித்தபடி அசையாமல் நிற்க வேண்டுமாம். அந்தக் குளிரில் கால் விரல் செத்துப்போனால் வெட்டித்தான் எடுப்பார்களாம். இதை அவள் சோறு தின்றபடியே சொன்னாள். நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"பூட்ஸ நான் பாத்து வாங்கித் தரேன்" என்றேன். முப்பத்திரண்டு வருடம் செம்பனைத் தோட்டத்தில் ரப்பர் பூட்ஸ் போட்டு உதிரிப் பழம் பொறுக்கியவள் நான். பூட்ஸைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பூட்ஸ் காலை இறுக்கிப் பிடிக்க வேண்டும். அதை எனக்குக் காட்டிக் கொடுத்தது ஒரு காட்டுப்பன்றி. எங்கள் தோட்டம் சேற்று நிலம். ஒரு நாள் காலை, கண்ணியை அறுத்துக்கொண்ட பன்றி ஒன்று, காலில் கம்பி தொங்க எங்கள் மர நிரைக்குள் பாய்ந்து வந்தது. நானும் என்கூடப் பழம் பொறுக்கியவளும் ஓடினோம். அவள் போட்டிருந்தது புருஷனுடைய பூட்ஸ், இரண்டு அளவு பெரியது. சேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டது. அவள் அதை இழுக்கக் குனிந்தாள். நான் திரும்பிப் பார்த்தபோது பன்றி அவள் தொடையைக் கிழித்து உதறிக்கொண்டிருந்தது. குலை வெட்டுகிறவர் ஓடி வந்து அரிவாளை அதன் கழுத்தில் இறக்கினார். இரண்டு ரத்தமும் ஒரே சேற்றில் கலந்து கிடந்தன. அவளை லோரியில் ஏற்றினோம். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து எங்கள் நிரையில் எல்லாப் பெண்களும் ஒரு அளவு குறைத்துத்தான் வாங்கினோம். விரல் மடங்கி நகம் கறுத்தாலும் சரி, பூட்ஸ் கழலக்கூடாது.

கோலா சிலாங்கூரில் ஒரு பண்டல் கடை இருக்கிறது. வெளிநாட்டார் போட்டுக் கழித்த துணியும் சப்பாத்தும் பெரிய பொதியாகக் கட்டி வரும். பொதி பிரிக்கிற நாளில் கடை திறக்குமுன்பே பெண்கள் கூடிவிடுவார்கள். பொதிக் கயிற்றை வெட்டியதும் யார் கை முதலில் விழுகிறதோ பொருள் அவர்களுக்கு. அன்று உள்ளே ரோமம் வைத்த பழுப்பு பூட்ஸ் ஒரு ஜோடி வந்தது. வலது பூட்ஸில் என் கை விழுந்தது. இடது பூட்ஸை ஒருத்தி பிடித்துக்கொண்டாள். ஐம்பது வயதிருக்கும், தோள் கனத்தவள்.

"விடுங்கக்கா. என் கையில இருக்கில்ல" என்றாள்.

"ஒத்தக் காலுக்கா போடப்போற? விடு லா."

"இந்த வயசுல நீங்க எந்தப் பனிமலைக்குப் போறீங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என்னைப் பார்த்து யாரும் சிரித்தால் எனக்கு ஆகாது. கையிலிருந்த பூட்ஸின் குதியால் அவள் கன்னத்தில் போட்டேன். அவள் என் கொண்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். என் வாய் இரும்புச் சட்டத்தில் மோதி முன்பல் ஒன்று பாதியாய் உடைந்தது. மிச்சமிருந்த பற்களால் அவள் மணிக்கட்டைக் கடித்தேன். அவள் விடும்வரை நான் விடவில்லை. கடைக்காரர் எங்களைப் பிரித்தபோது இரண்டு பூட்ஸும் என் நெஞ்சோடு இருந்தன.

வீட்டில் மகள் என் வாயைப் பார்த்துப் பதறினாள்.

"யாரும்மா அடிச்சா?"

"அவ மூஞ்சியப் போய்ப் பாரு. மொதல்ல இதப் போடு."

உட்கார்ந்து, இழுத்து, ஒருவழியாகக் காலை நுழைத்தாள். "டைட்டா இருக்கும்மா. தடிச்ச சாக்ஸ் ரெண்டு போடணும். அதுக்கு மேலயும் விரல் ஆடணும். உள்ள நிக்கிற காத்துதான் சூடு."

"காத்துக்கா நான் பல்ல ஒடச்சிக்கிட்டேன்? பூட்ஸ்னா புடிக்கணும்."

"அங்க சேறு இல்லம்மா. பன்னியும் இல்ல."

அறைந்துவிட்டேன். செத்தவளை விளையாட்டுக்கு இழுத்ததுபோல இருந்தது எனக்கு. அவள் கன்னத்தைத் தொடவில்லை. "சரி, டெஸ்ட் பண்ணிப் பாத்துருவோம். நீயும் வா" என்றாள்.

மறுநாள் ஆற்றோர மீன் கொட்டகைக்குப் போனோம். அங்கே ஐஸ் அறை உண்டு. தெரிந்தவர்கள்தான், விட்டார்கள். காலில் ஒரே சாக்ஸ், அதற்குமேல் நான் வாங்கிய பூட்ஸ். பாறையடியில் நிற்பதுபோல அரை மணி நேரம் அவள் அசையாமல் நிற்பதாகப் பேச்சு. நான் சாக்கைப் போர்த்திக்கொண்டு கதவோரம் நின்றேன்.

"மூக்கு ஒழுகுது. அதுக்கும் மார்க் உண்டாம்மா?" என்று முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. அப்புறம் பேச்சும் நின்றது.

"விரல் இருக்கிறதே தெரியலம்மா."

வெளியே இழுத்து வந்து பெட்டிமேல் உட்காரவைத்தேன். பூட்ஸ் கழலவில்லை. கழலக்கூடாது என்றுதானே வாங்கினேன். அவள் இடுப்பில் என் காலை ஊன்றிப் பிடுங்கினேன். விரல்கள் செத்த மீனின் வயிறுபோல வெளுத்திருந்தன. பெருவிரலில் நகத்தால் அழுத்தினேன். ரத்தம் வரும்வரை அழுத்தினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொட்டுட்டியாம்மா?" என்றாள்.

சட்டையைத் தூக்கி, அவள் இரண்டு பாதங்களையும் என் வயிற்றில் வைத்து அணைத்துக்கொண்டேன். உணர்வு திரும்பியபோது அவள் தன் கையையே கடித்துக்கொண்டு அலறினாள். என் நெஞ்சில் உதைத்தாள். மூச்சு அடைத்தது. "உதை" என்றேன். "நல்லா உதை." பாதங்களை மட்டும் விடவில்லை. வெளுப்பு போய்ச் சிவப்பு ஏறியது.

வீட்டுக்கு வந்ததும் பாராங் கத்தியை எடுத்தேன். பூட்ஸைச் சிமெண்டுத் தரையில் வைத்து வெட்டினேன். தோல் கனம், நான்கைந்து வெட்டு விழுந்தபிறகுதான் ரோமம் வெளியே தள்ளியது. இரண்டையும் துண்டாக்கினேன்.

"யாருக்காவது குடுத்திருக்கலாம் லா" என்றாள் மகள்.

"எந்தப் புள்ள காலுக்கு?"

வேறு பூட்ஸ் வாங்க அளவு வேண்டுமே. அவளைத் தடித்த சாக்ஸ் இரண்டு போடச் சொல்லி, அட்டைமேல் நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டேன். அவள் குனிந்து, விரல்களுக்கு முன்னால் இடம் விட்டு இன்னொரு கோடு போட்டாள்.

"இது கழண்டுரும்டி."

"கழலாதும்மா. ஆடும்."

கத்தி பழக்கத்தில் உள்கோட்டுக்குத்தான் போனது. நிறுத்தி, எடுத்து, வெளிக்கோட்டில் வெட்டினேன்.