சல்வடோர் மாமாவின் மெனு

எங்கள் வீட்டில் யாராவது ஊருக்குப் போகிறார்கள் என்றால் அது பெரும் கொண்டாட்டம். சூட்கேஸ் நிரம்ப சொக்லேட் அடைப்பார்கள். மூடி பூட்ட முடியாமல் என்னை அதன்மேல் ஏற்றி இருத்துவார்கள். ஆகவே, சல்வடோர் மாமாவை அவருடைய ஊருக்கே திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு வந்தது பொறாமைதான்.

அவர் எங்கள் சொந்தமில்லை. எல் சல்வடோர்க்காரர். டவுன்டவுனில் ஓர் இத்தாலியச் சாப்பாட்டுக் கடையின் குசினியில் சித்தப்பாவோடு வருடக்கணக்காக நின்று சமைத்தவர். இருவருக்கும் பொதுவாயிருந்தது குசினியில் பொறுக்கிய பிரெஞ்சு. அதில் இல்லாததைக் கையாலும் கண்ணாலும் சொல்லிக்கொள்வார்கள். சேர்ந்து ஓர் எல் சல்வடோர் சாப்பாட்டுக் கடை திறப்பதாகத் தீர்மானித்து, நாங்கள் இருந்த கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் பில்டிங்குக்குக் கிட்ட இடமும் பிடித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மெனு தயாராகும். அவர்கள் சமைப்பார்கள், நாங்கள் சாப்பிடுவோம், பிறகு அவர்கள் சண்டை பிடிப்பார்கள். அடடா, அது என்ன காலம்!

சண்டையெல்லாம் மெனுவில் எது இருப்பது என்பதில்தான். சித்தப்பா வியாபாரப் புத்திக்காரர். வெள்ளைக்காரருக்கு நாச்சோஸ் வேண்டும், எங்கடை சனத்துக்கு மட்டன் ரோல்ஸ் வேண்டும் என்பார். நாச்சோஸ் மெக்சிக்கோச் சாப்பாடு, தன்னுடைய ஊருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று மாமா துள்ளுவார். யாழ்ப்பாணச் சாப்பாட்டுக் கடைக்கு வந்து ஒருவன் பட்டர் சிக்கன் கேட்டால் உனக்கு எப்படியிருக்கும் என்று ஒருநாள் திருப்பிக் கேட்டார். சித்தப்பாவுக்குச் சுருக்கென்றது. அன்றோடு நாச்சோசும் ரோல்ஸும் போயின. மிஞ்சியது சோளமாவைக் கையில் தட்டி, உள்ளே பீன்ஸும் சீஸும் வைத்துச் சுடுகிற புபூசா ரொட்டி, பொரித்த மரவள்ளி, புளிக்கவைத்த முட்டைக்கோவா, இன்னும் சில.

அப்போதுதான் மாமாவின் அகதி விண்ணப்பம் முடிவாக நிராகரிக்கப்பட்டது. இந்த நாட்டில் தங்க சித்தப்பாவுக்கு எப்போதோ கிடைத்த அனுமதி அவருக்குக் கிடைக்கவில்லை. கடையே வேண்டாம் என்று சித்தப்பா சோர்ந்துபோய் இருந்துவிட்டார். மாமா விடவில்லை. திறக்கத்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அதன் பிறகு அவர் பொல்லாத வாத்தியாராகிவிட்டார். ஒரு ஞாயிறு சித்தப்பா கைப்பழக்கத்தில் பீன்ஸுக்குள் எங்கள் மிளகாய்த்தூளைக் கொஞ்சம் தூவிவிட்டார். மாமா மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். பானையோடு தூக்கிக் குப்பையில் கொட்டினார். "ஐயோ, சாப்பாட்டையெல்லோ கொட்டுறார்!" என்று அம்மா தலையில் கைவைத்தார். ஊருக்குப் போகிற சந்தோஷத்தில் இருக்கவேண்டிய மனிதருக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று எனக்கு விளங்கவேயில்லை.

போகிற நாளன்று சின்னதாக ஒரு பையோடு விடைபெற வந்தார். வரும்போது எனக்கு என்ன கொண்டுவருவீர்கள் என்று கேட்டேன். வழக்கமாக இப்படிக் கேட்டால் அம்மா கண்ணை உருட்டுவார். அன்று உள்ளே போய்விட்டார். சித்தப்பா சப்பாத்துக் கயிற்றைக் கட்டத் தொடங்கினார். மாமா மட்டும் குந்தியிருந்து, என்ன வேண்டும் என்று அக்கறையாக விசாரித்தார். அவர் நாட்டு நீல நிற உதைபந்தாட்டச் சட்டை என்றேன். என் தோளைச் சாணால் அளந்தார். நீ வளர்ந்துவிடுவாய், பெரிதாகவே வாங்குகிறேன் என்றார்.

கடை திறந்தது. வருகிறவர்கள் மெனுவைப் பார்ப்பார்கள், நாச்சோஸ் இல்லையா என்பார்கள், பாதிப்பேர் எழும்பிப் போவார்கள். ஒருநாள் வெறும் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, அந்த நாச்சோசைப் போடுமன். அவர் இனி வந்து பாக்கப்போறாரே?"

சித்தப்பா அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "வந்தால்?" என்றார்.

"ஓம், மாமா வருவார்!" என்று நான் துள்ளினேன். சித்தப்பா வந்து என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டார். விடவேயில்லை. அம்மாவுக்குத்தான் நம்பிக்கையில்லை, நாங்கள் இரண்டு பேரும் ஒரு கட்சி என்று எனக்கு ஒரே பெருமை. அந்தக் கட்சியில் நான் ஒருத்திதான் இருந்தேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது.